கம்பெனியை மூடப் போன நாளில் வந்த போன்

அன்புள்ள கவிதா, தினேஷ்,

நீங்கள் இருவரும் சேர்ந்து பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில் கம்பெனி திறந்த அன்று, "அப்பா, ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று எல்லார் முன்னாலும் என்னை எழுப்பி விட்டீர்கள். எனக்குப் பேச்சு வரவில்லை. "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து லட்டு சாப்பிட்டேன். சொல்ல நினைத்தது லட்டோடு உள்ளே போய்விட்டது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு அப்பா எழுதும் கடிதம் என்று மட்டும் இதை நினைக்காதீர்கள். நீங்கள் வயர் இழுக்கப் போகிறீர்கள், நான் சுவரும், மழைத்தண்ணீர் ஓடும் லோங்காங்கும் கட்டினேன். இருந்தாலும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்யும் தொழில் ஒன்றுதான். நீங்கள் இப்போது என் தொழிலுக்கு வந்திருக்கும் புது ஆட்கள்.

கம்பெனி திறப்பதற்கு யோசனை சொல்ல ஊரே வரும். எந்தக் கலர் போர்டு, எந்தத் திசையில் மேசை, எந்த நாளில் பால் காய்ச்சுவது என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். மூடுவது எப்படி என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கேட்டாலே அபசகுனம் என்பார்கள். நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். பெரிய கட்டடம் எதுவும் கட்டியதில்லை. ஆனால் ஒரு கம்பெனியைத் திறந்தவன், அதை ஒழுங்காக மூடியவன். கட்டினதைவிட மூடினதைச் சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமை அதிகம். அப்போது கவிதா, நீ சிங்கப்பூரில் இருந்தாய்; தினேஷ், நீ பினாங்கில் இருந்தாய். அம்மா போனில் சொன்னது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன்.

முழங்கால் இரண்டும் போன பிறகுதான் மூடுவது என்று முடிவு செய்தேன். உடனே அம்பாங்கில் இருக்கும் என் சிநேகிதக் கூட்டாளி ஒருவர் சொன்னார், "மூடுறதுக்கு எதுக்கு செலவு? விட்டுரு லா. தானா செத்துரும்." நம் ஆட்கள் அதிகம் செய்யும் தப்பு இதுதான். கடையைச் சாத்தி, போர்டைக் கழற்றி, பேங்கில் இருப்பதை எடுத்துக்கொண்டால் கம்பெனி முடிந்தது என்று நினைப்பார்கள். அதே கூட்டாளி அக்காள் மகள் கல்யாணத்துக்குத் திருச்சி போகப் பெட்டியோடு விமான நிலையம் போனார். அங்கே கடப்பிதழைப் பார்த்த அதிகாரி அவரைத் தனியாக உட்கார வைத்துவிட்டார். வரி பாக்கி. அவர் மூடாமல் அப்படியே விட்டுவிட்டு வந்த தன் கம்பெனிக்கு ஆண்டுதோறும் கணக்குக் கேட்டுக் கடிதம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. பழைய முகவரிக்குப் போன கடிதங்களை யார் பிரிப்பது? அபராதம் ஏறி, கம்பெனியிடம் வாங்க ஒன்றும் இல்லாததால் இயக்குநரைப் பிடித்துவிட்டார்கள். மனைவி மட்டும் கல்யாணத்துக்குப் போனார். இவர் சீர்த் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்தார்.

"செத்துப் போச்சுன்னு நெனச்சேன் லா," என்றார் பிறகு. "அது உயிரோட இருந்து என்னைத் தேடிக்கிட்டு இருந்திருக்கு."

அதற்குப் பிறகுதான் நான் உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வரி ஏஜென்ட் அம்மாவிடம் போனேன். பூக்கடைக்கு மேல் மாடியில் அவருடைய ஆபீஸ். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் மேடம் என்றே எழுதுகிறேன். வந்தவர்களை முதலில் கொஞ்சம் கிண்டல் செய்துவிட்டுத்தான் ஃபைலைத் திறப்பார்.

"மூடும்போது வரி மிச்சம் பண்ண ஏதாவது வழி இருக்கா மேடம்?" என்று கேட்டேன்.

"எல்லாரும் ரகசியமா ஒரு வழி இருக்குன்னு நெனச்சுத்தான் மாடி ஏறி வராங்க. ரகசியம் ஒன்னும் இல்லண்ணே. எதை முதல்ல செய்யறது, எதைக் கடைசியில செய்யறது, அவ்வளவுதான்."

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். லாபத்துக்குக் கம்பெனி வரி கட்டிய பிறகு மிஞ்சுவதைப் பங்குதாரர் பங்காக, டிவிடன்டாக, எடுத்தால் மறுபடி சம்பளம் மாதிரி வரி விழாது. இப்போது பெரிய தொகை எடுப்பவர்களுக்கு மட்டும் புதிதாக ஒரு சின்ன வரி வந்திருக்கிறது. அதற்குப் பயந்து நானும் உங்கள் அம்மாவும் இரண்டு வருஷமாகப் பிரித்து எடுக்கலாமா என்று கேட்டேன். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்த அளவுக்கெல்லாம் நீங்க சம்பாதிக்கல. நிம்மதியா தூங்குங்க" என்றார். உங்கள் அம்மா அங்கேயே சிரித்துவிட்டார்.

லோரி கம்பெனி பெயரில் இருக்கிறது, அதை உங்கள் மாமாவுக்குச் சும்மா எழுதிக் கொடுக்கக்கூடாது, நியாயமான விலைக்கு விற்று பேங்க் வழியாக வாங்க வேண்டும். தொழிலாளிக்குக் கொடுப்பதை போனஸ் என்று எழுதினால் அவன் அதற்கு வரி கட்ட வேண்டும். வேலை போனதற்கான ஈடு என்று முறைப்படி கடிதம் கொடுத்துக் கொடுத்தால், அவன் வேலை செய்த ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் ஒரு தொகை வரை வரி கிடையாது. அந்தச் சலுகை முதலாளியாக இருக்கும் இயக்குநருக்குக் கிடையாது. "அப்ப நான் இத்தனை வருஷமா இவருக்கு டீ போட்டதுக்கு?" என்று உங்கள் அம்மா கேட்டார். "நீங்க இயக்குநர் அக்கா. டீ போட்டாலும் இயக்குநர்தான்" என்றார் மேடம்.

நம் ஆட்களில் பாதிப் பேரின் கம்பெனிகளில் இரண்டாவது இயக்குநர் வீட்டுக்காரம்மாதான். எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள். உங்கள் அம்மாவும் அப்படித்தான் இருந்தார். ஆனால் அந்த மாடியில் மேடம் எல்லாத் தாளையும் அவருக்குப் படித்துக் காட்டினார். கவிதா, நீ யார் பெயரை எங்கே போட்டாலும் படித்துக் காட்டிவிட்டுப் போடச் சொல்.

கையெழுத்துப் போடும் நாளை உங்கள் அம்மா நாள்காட்டியைப் பார்த்துக் குறித்தார். வியாழக்கிழமை, ஒன்றரைக்கு ராகு காலம் தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும் என்றார். மூடுகிற காரியத்துக்கும் நல்ல நேரமா என்று கேட்டேன். "பொண்ணை அனுப்புறதுக்கு நேரம் பார்க்கறோம்ல, அது மாதிரி" என்றார்.

அந்த வாரம் முழுக்க மழை. பிரிக்ஃபீல்ட்ஸிலேயே லோங்காங் நிரம்பிக் கடை வாசல் வரை தண்ணீர் வந்து போயிருந்தது. நாங்கள் மாடி ஏறும்போது மணி ஒன்று தாண்டிவிட்டது. மேடம் தாளை நீட்டினார். அன்றோடு தொழிலை நிறுத்துகிறோம், கம்பெனி மேல் யாருக்கும் எந்தக் கோரிக்கையும் இல்லை, மிச்சம் இருப்பதைப் பங்குதாரர்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று இயக்குநர்கள் இருவரும் சொல்லும் தாள் அது. இதற்குப் பிறகுதான் வரி அலுவலகத்தில் பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கி, கம்பெனிப் பெயரைப் பதிவிலிருந்து எடுக்க மனுப் போட முடியும். உங்கள் அம்மா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நான் பேனாவை எடுத்தேன்.

மேசைக் கண்ணாடி மேல் வைத்திருந்த என் போன் அதிர்ந்தது. 'மலர் அக்கா கிள்ளான்' என்று இருந்தது.

மலர் அக்கா யார் என்று சொல்ல வேண்டும். கிள்ளானில் ஒரு சரிவுக்குக் கீழே வரிசை வீடுகள். சரிவு மண் வீடுகளுக்குப் பின்னால் இறங்காமல் இருக்க, குடியிருப்பாளர்கள் சேர்ந்து பணம் போட்டு ஒரு தடுப்புச் சுவர் கட்டச் சொன்னார்கள். பொறியாளர் வரைபடம் கொடுத்தார், நான் கட்டினேன். அதுதான் எங்கள் கம்பெனி கட்டிய கடைசிச் சுவர். அதற்குச் சொல்லியிருந்த உத்தரவாதக் காலம் முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. மலர் அக்காவின் சமையலறை அந்தச் சுவரை ஒட்டிய மாதிரி இருக்கிறது. அங்கேதான் அவர் கிழங்கு மசாலா வைத்த கறிபாப் சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறார். புருஷன் இல்லாத அவருக்கு அந்த அடுப்புதான் வருமானம். பொங்கல் வாழ்த்து சொல்லக்கூட எனக்கு அவர் போன் செய்ததில்லை.

"ராகு காலம் வரப் போவுது. போட்டுட்டு பேசுங்க," என்றார் உங்கள் அம்மா.

நான் மேடத்தைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பார்க்கறீங்க? பேனாவும் உங்க கையில, போனும் உங்க கையில," என்றார் அவர்.

போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எனக்கு அப்போது ஓடியதை அப்படியே எழுதுகிறேன். யாருக்கும் கோரிக்கை இல்லை என்று தாளில் இருக்கிறது. இந்த நிமிஷம் வரை அது உண்மை. போனை எடுத்தால் உண்மையாக இருக்காது. முதலில் கையெழுத்து, பிறகு போன் என்று செய்தால் எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். பிறகு அந்த அம்பாங் கூட்டாளியும் அதையே சொன்னார்: "அஞ்சு நிமிஷம் கழிச்சு எடுத்திருந்தா சட்டப்படி உன்னை ஒன்னும் பண்ண முடியாது." அது சட்டப்படி சரியா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வாரம் முழுக்க மழை, சுவருக்குக் கீழே ஒரு பெண்பிள்ளை அடுப்பின் முன்னால் நிற்கிறார்.

பேனாவை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

"தம்பி, நீ கட்டின சுவரு வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது."

"எந்தப் பக்கம் அக்கா?"

"என் அடுப்படிப் பக்கம்தான். வேற எந்தப் பக்கம் தள்ளும்?"

"சுவத்துல வரிசையா குழாய் வச்சிருக்கோமே, அதுல தண்ணி வருதா?"

"ஒரு சொட்டு இல்ல. காஞ்சு கிடக்கு."

சுவருக்குப் பின்னால் சேரும் மழைத் தண்ணீர் வெளியே வரத்தான் அந்தக் குழாய்கள். அடைமழையில் அவை காய்ந்து கிடந்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கிச் சுவரைத் தள்ளுகிறது என்று அர்த்தம்.

"அக்கா, அடுப்பை அணைச்சிட்டு முன் வாசலுக்கு வந்துருங்க. பக்கத்து வீட்டு ஆளுங்களையும் கூப்பிடுங்க."

"மாவு பிசைஞ்சு வச்சிருக்கேன். கல்யாண வீட்டு ஆர்டரு."

"மாவு நான் வாங்கித் தரேன்."

"நீ வாங்கற மாவுல சுட்டா ஒருத்தனும் திங்க மாட்டான்."

"அக்கா, மாவைத் தூக்கிக்கிட்டே வெளிய வாங்க."

போனை வைத்ததும் உங்கள் அம்மா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "நான் போட்ட கையெழுத்தை என்ன பண்றது?" என்றுதான் கேட்டார். மேடம் அந்தத் தாளை வாங்கி நடுவில் கிழித்தார். "பேப்பர் செலவு என்னோடது அக்கா. நீங்க கிளம்புங்க."

மாரியைப் போனில் கூப்பிட்டேன். எங்களிடம் கடைசி வரை இருந்த தொழிலாளி அவன் ஒருவன்தான். அவனை வேலையிலிருந்து விடுவிக்கும் கடிதம் என் பையில் இருந்தது. அன்று சாயங்காலம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். அவன் வீடு கிள்ளானில்தான்.

"பாஸ், இப்ப நான் வேலையில இருக்கேனா இல்லையா?"

"லெட்டர் என் பையில இருக்கு. அது பையில இருக்கிற வரைக்கும் நீ வேலையில இருக்க."

"அப்ப கன்வாஸ், குழாய் எல்லாம் லோரியில எடுத்துக்கிட்டு வரேன்."

வழியிலேயே பொறியாளருக்குப் போன் போட்டேன். அவர் பெட்டாலிங் ஜெயா பக்கம் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். வந்து சேரச் சாயங்காலம் ஆகும் என்றார். "ஆளுங்களை வெளிய நிறுத்துங்க. சுவரைத் தொடாதீங்க. தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாருங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது மலர் அக்கா முன் வாசலில் நாற்காலி போட்டு, மாவுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கம் பக்கத்து ஆட்கள் குடை பிடித்து நின்றார்கள். நான் கம்பெனி மூடுவது அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டு மனிதர் ஒருவர், "என்ன பாஸ், மூடுறதுக்கு முன்னாடி சுவரோட ஒரு படம் எடுத்துக்க வந்தீங்களா?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் வீட்டுக்குப் பின்னாலும்தான் அந்தச் சுவர் நிற்கிறது. நானாக இருந்தால் இன்னும் மோசமாகப் பேசியிருப்பேன்.

சுவர் நடுவில் வீங்கியிருந்தது. கீழே ஒரு விரிசல். மாரி பென்சில் எடுத்து விரிசலுக்குக் குறுக்கே கோடுகள் போட்டு வைத்தான், விரிகிறதா என்று பார்க்க. பிறகு கம்பியை எடுத்தான்.

"குழாய்க்குள்ள விட்டு ஒரு குத்து குத்தினா தண்ணி பாய்ஞ்சிரும் பாஸ்."

பின்னால் நின்றவர்கள் எல்லாரும், "ஆமா, குத்துங்க, ஏதாவது செய்யுங்க" என்றார்கள்.

பிள்ளைகளே, தொழிலில் கஷ்டமான நேரம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையில் கருவியோடு சும்மா நிற்க முடியாது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதையாவது செய்துவிடத் தோன்றும். தண்ணீரோடு பின்னால் இருக்கும் மண்ணும் இழுத்துக்கொண்டு வந்தால் சுவர் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் கம்பியை விடக்கூடாது. "கம்பியை லோரியில போடு. மேல போவோம்" என்றேன். பின்னால் ஒருவர், "பார்த்தியா, ஓடறாரு" என்றது காதில் விழுந்தது. அதையும் கேட்டுக்கொண்டேதான் போனேன்.

சரிவுக்கு மேல் இன்னொரு வீட்டு வரிசை. எங்கள் சுவருக்கு நேர் மேலே இருந்த வீட்டில் ஒரு மலாய்ப் பெரியவர். சமீபத்தில் பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டியிருந்தார். அந்தக் கூரைத் தண்ணீர் முழுவதும் ஒரு குழாய் வழியாக இறங்கி, எங்கள் சுவருக்குப் பின்னால் இருக்கும் மண்ணில் நேராக விழுந்துகொண்டிருந்தது. மண்ணில் பானை அளவுக்குக் குழி. தண்ணீர் குழிக்குள் போவதுதான் தெரிகிறது, வெளியே வருவது தெரியவில்லை.

பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கீழே பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியாதே, கட்டினவன் சொல்லவே இல்லையே" என்று மலாயில் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தால் கோபப்பட முடியவில்லை. ஏணியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். மாரி ஏறிக் கூரைக் குழாயைத் திருப்பினான். நாங்கள் கொண்டு போன குழாயை இணைத்து வீட்டு முன்பக்க லோங்காங்கில் விட்டோம். குழி மேலும் மண் மேலும் கன்வாஸ் போட்டுச் செங்கல் வைத்தோம். என் முழங்கால் அன்று செய்ததை இன்றைக்கும் நினைவில் வைத்திருக்கிறது.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை, காத்திருப்பதைத் தவிர. கீழே வந்து விரிசலைப் பார்த்தபடி நின்றோம். மழை விடவில்லை. மாரி போட்ட பென்சில் கோடுகள் விலகவும் இல்லை. சாயங்காலம் பொறியாளர் வந்து, கோடுகளைப் பார்த்தார், மேலே போய்ப் பார்த்தார். "இன்னைக்கு நிக்கும். நாளைக்குத் தோண்டணும்" என்றார். மலர் அக்கா அன்று இரவு தங்கை வீட்டுக்குப் போனார். மாவுப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

மறுநாள் காலை, தோண்ட ஆரம்பிக்கும் முன்பு, மேடத்தின் மாடியில் உட்கார்ந்தேன். அம்பாங் கூட்டாளியும் கூட வந்திருந்தார்.

"மேல் வீட்டுக்காரன் குழாய்தானே காரணம்? அவன்கிட்ட கேட்கச் சொல்லு," என்றார் கூட்டாளி. "நீ எதுக்கு மறுபடி மண்ணைத் தோண்டணும்? கொஞ்சம் இழுத்தடி. உத்தரவாதம் முடிஞ்சிரும். மூடிட்டுப் போ. மனசு கேட்கலன்னா அப்புறமா கைக்காசு கொடு."

மேடம் என்னைக் கேட்டார். "உத்தரவாதம் இன்னைக்கு இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"சுவரு யாரு கட்டினது?"

"கம்பெனிதான்."

"அப்ப கம்பெனியே செய்யட்டும். யாரு காரணம்னு அப்புறம் பேசுங்க. அண்ணே, இதை நல்லாக் கேட்டுக்குங்க. உங்க கணக்கு வருஷம் முடிய இன்னும் சில மாசம் இருக்கு. இந்த வருஷம் லாபமும் இருக்கு. இப்ப கம்பெனி பேருல, குடியிருப்பாளர் கடிதம் வாங்கிக்கிட்டு, கம்பெனி பேங்க்ல இருந்து செலவு செஞ்சா அது தொழில் செலவு. லாபத்துல கழியும். மூடின பிறகு உங்க கைக்காசுல செஞ்சா அது தர்மம். அந்தத் தர்மத்துக்கு வரி ஆபீஸ்ல ஒரு காசு கழிக்க மாட்டாங்க. கம்பெனிக்கு நட்டம் வந்தாலும் மூடும்போது அதுவும் சேர்ந்து செத்துரும், உங்க பின்னால வராது. அதனால மூடறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியதை எல்லாம் மூடறதுக்கு முன்னாடி செய்யுங்க."

கூட்டாளி நாற்காலியை முன்னால் இழுத்தார். "அப்ப நேர்மையா இருக்கறதுதான் மலிவுங்கறீங்க," என்றார்.

"எப்பவும் இல்ல," என்றார் மேடம். "இந்தத் தடவை."

அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எப்பவும் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

இன்னொன்றும் சொன்னார். "மூடின அப்புறம் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீங்க. கம்பெனியோட பொறுப்பு கம்பெனியோட போயிரும். நீங்களா போய்த் தலையைக் கொடுத்தா, அது உங்க தலை."

மாரியின் கடிதத்தைப் பற்றியும் அன்றுதான் பேசினோம். கடிதத்தைக் கொடுத்து, ஈட்டுத் தொகையையும் கொடுத்துவிட்டு, மறுவாரம் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டிருந்தால், வேலை போனது உண்மையா என்று கேட்பார்கள். அவனுக்கு இருந்த வரிச் சலுகை சந்தேகத்தில் விழுந்திருக்கும். என் அவசரத்துக்கு அவன் பணம் கட்ட வேண்டியிருக்கும். கடிதம் பையிலேயே இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அதை எடுத்து வைத்துவிட்டு, வேலை முடிந்த பிறகு புதுத் தேதி போட்டு எழுதினோம்.

சுவருக்குப் பின்னால் தோண்டி, மண் அடைத்திருந்த சல்லிக் கற்களை எடுத்துப் புதுச் சல்லி போட்டு, குழாய்களை மாற்றி, வீங்கிய பகுதியை இடித்துக் கட்டினோம். பொறியாளர் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மேல் வீட்டுப் பெரியவர் யாரும் கேட்காமலே தன் கூரைக் குழாயைத் தன் செலவில் நிரந்தரமாக மாற்றினார். மலர் அக்கா தினமும் கறிபாப் கொண்டுவந்து கொடுத்தார். "இது சம்பளம் இல்ல, தினமும் வந்து வேலை ஒழுங்கா நடக்குதான்னு பார்க்கறதுக்கு ஒரு சாக்கு" என்றார். படம் எடுக்க வந்தீங்களா என்று கேட்ட மனிதர் ஒருநாள் மைலோ கலக்கிக் கொண்டுவந்தார். கப்பை வாங்கும் வரை நின்றார்.

கணக்கு வருஷம் முடியும் முன்பே வேலை முடிந்தது. லோரியைப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹார்ட்வேர் கடைக்காரருக்கு நியாயமான விலைக்கு விற்றோம். மாரிக்கு அவன் வேலை செய்த ஒவ்வொரு வருஷத்தையும் எண்ணி எழுதிக் கடிதம் கொடுத்தேன். அவன் வாங்கிப் படித்துவிட்டு, "இப்ப உண்மையிலேயே வேலை இல்லையா பாஸ்?" என்றான். "இப்ப இல்ல" என்றேன். "சரி, அப்ப இனிமே பாஸ்னு கூப்பிட மாட்டேன், அண்ணேன்னு கூப்பிடறேன்" என்றான். இப்போது அம்பாங் பக்கம் ஒரு கம்பெனியில் மேற்பார்வையாளராக இருக்கிறான். தினேஷ், உனக்கு ஆள் தேவைப்பட்டால் அவனிடம் கேள். ஆனால் இன்னொருவரிடம் வேலை செய்பவனை இழுக்காதே. அவனாக வந்தால் வரட்டும்.

இரண்டாவது முறை கையெழுத்துப் போட்டபோது உங்கள் அம்மா நாள்காட்டியைப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. தாளை வாங்கி வரி வரியாகப் படித்தார். 'யாருக்கும் எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரியில் விரலை வைத்து, "இப்ப இது சரி" என்று சொல்லிவிட்டுப் போட்டார்.

வரி அலுவலகத்திலிருந்து பாக்கி இல்லை என்று வந்தது. மிஞ்சியதை டிவிடன்டாக எடுத்துக்கொண்டோம். பேங்க் கணக்கை மூடினோம். பிறகு பல மாதம் கழித்து, கம்பெனிப் பெயர் பதிவிலிருந்து எடுக்கப்பட்டது என்று தகவல் வந்தது. கணக்குப் பெட்டிகள் இன்னும் நம் வீட்டு ஸ்டோர் ரூமில்தான் இருக்கின்றன. ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும், அதனால் அம்மா பழைய பேப்பர்காரரிடம் போட நினைத்தால் தடுத்துவிடுங்கள். இன்றுவரை நம் வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வந்ததில்லை. எந்தச் சந்தில் யாரைப் பார்த்தாலும் நான் வழி மாற்றிப் போக வேண்டியதில்லை. படிக்காத ஒரு மனிதனுக்கு இது பெரிய சொத்து.

உங்கள் கம்பெனிக்கு நீண்ட ஆயுள் இருக்கட்டும். ஆனால் என்றைக்காவது மூட வேண்டி வந்தால் வெட்கப்படாதீர்கள். முறையாக மூடுங்கள். மேசையில் போன் அடித்தால் முதலில் அதை எடுங்கள்.

கம்பெனிப் பெயர் எடுக்கப்பட்ட தகவல் வந்த மறுநாள் நான் கிள்ளானுக்குத் தனியாகப் போனேன். உங்கள் அம்மாவுக்கும் தெரியாது, யாருக்கும் வாக்குக் கொடுக்காதீங்க என்று சொன்ன மேடத்துக்கும் தெரியாது. மலர் அக்கா கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கப் போயிருந்தார், வீடு பூட்டியிருந்தது. வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சந்து வழியாகப் போய், அவர் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் சுவருக்கு முன்னால் குனிந்தேன். கையில் சின்ன டப்பாவில் கறுப்புப் பெயின்டும் ஒரு பிரஷும் கொண்டு போயிருந்தேன். சுவரில் என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே என் சொந்தக் கைப்பேசி எண்ணை எழுதினேன். கம்பெனிப் பெயர் எழுத இப்போது கம்பெனி இல்லை. பெயின்ட் காயும் வரை நின்றிருந்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அப்பா